நெருப்பிலிருந்து படகேறிய இசைப்பெட்டி! - லண்டன் வீடுகளில் வர்ஜினல் வாழ்ந்த கதை

1666-ம் ஆண்டு செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் எரிந்துகொண்டிருந்தது. புட்டிங் லேன் என்ற சந்தில் ஒரு ரொட்டிக்கடையில் பிடித்த தீ, காற்றின் போக்கில் தெருத்தெருவாகத் தாவியது. அடுத்த சில நாள்களில் 13,000-க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாகின. மக்கள் கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு தேம்ஸ் நதிக்கு ஓடினார்கள்.

அன்று நதியில் படகில் போய்க்கொண்டே எல்லாவற்றையும் கவனித்தார் சாமுவேல் பீப்ஸ். கடற்படை அலுவலகத்தில் அதிகாரி. தினமும் டைரி எழுதும் பழக்கம் உள்ளவர். அன்றைய டைரியில் அவர் குறித்துவைத்த ஒரு விஷயம் இன்றும் ஆச்சர்யப்படுத்துகிறது. வீட்டுச் சாமான்களை ஏற்றிவந்த படகுகளில், ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்றில் ஒரு 'வர்ஜினல்' இருந்ததாம்!

உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடும் நேரத்தில், துணிமணி, பாத்திரம், படுக்கையோடு சேர்த்து மக்கள் தூக்கிவந்த அந்த வர்ஜினல் ஒரு இசைக்கருவி. நீளமான மரப்பெட்டி. ஒரு ஆளால் தனியாகத் தூக்குவதே சிரமம். அதை ஏன் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றினார்கள்? பிறகு அதே கருவி எப்படி வீடுகளிலிருந்து காணாமல் போனது?

பியானோ மாதிரி... ஆனால் பியானோ இல்லை!

படத்தில் பார்த்தால் சின்ன பியானோ போலத்தான் இருக்கும். முன்பக்கம் வரிசையாகக் கட்டைகள், உள்ளே கம்பிகள். ஆனால், சத்தம் பிறக்கும் விதம் வேறு. பியானோவில் கட்டையை அழுத்தினால் ஒரு குட்டிச் சுத்தியல் போய்க் கம்பியைத் தட்டும். வர்ஜினலில் தட்டுகிற வேலையே கிடையாது. வீணையில் விரல் கம்பியை மீட்டுவது போல, ஒரு பறவை இறகின் முனை கம்பியை மீட்டும்.

அந்த வேலையைச் செய்யும் பாகத்துக்கு 'ஜாக்' என்று பெயர். ஐஸ்க்ரீம் குச்சி போன்ற தட்டையான மரத்துண்டு அது. ஒவ்வொரு கட்டையின் பின்முனை மீதும் ஒரு ஜாக் செங்குத்தாக நிற்கும். அதன் தலைப்பகுதியில் முன்னும் பின்னும் அசையக்கூடிய சின்ன நாக்கு ஒன்று உண்டு. அந்த நாக்கில் காக்கை அல்லது அண்டங்காக்கை இறகின் தண்டைச் சீவிச் செருகியிருப்பார்கள்.

கட்டையின் முன்பக்கத்தை விரல் அழுத்தியதும் பின்பக்கம் மேலே எழும்பும். கூடவே ஜாக்கும் எழும்பும். இறகுமுனை கம்பியைச் சுண்டிவிட்டு மேலே போகும். விரலை எடுத்ததும் ஜாக் கீழே இறங்கும். அப்போது இறகு மறுபடியும் கம்பியை மீட்டிவிடக் கூடாது இல்லையா? அதற்குத்தான் அசையும் நாக்கு. இறங்கும்போது அது பின்னுக்குச் சாய்ந்து, கம்பியை நழுவவிட்டு, பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதைத் திருப்பிக் கொண்டுவரும் 'ஸ்பிரிங்' எது தெரியுமா? பன்றியின் முரட்டு முடி! கடைசியாக, ஜாக்கின் தலையில் இருக்கும் சின்னத் துணித்துண்டு கம்பியில் படிந்து ஒலியை நிறுத்தும்.

மரம், இறகு, முடி, துணி என்று கைக்கு எட்டிய பொருள்களை வைத்தே இத்தனை நுட்பமான வேலையைச் செய்துவிட்டார்கள். கம்பிகள் மட்டும் உலோகம். தாழ்ந்த ஸ்வரங்களுக்குப் பித்தளை, உச்ச ஸ்வரங்களுக்கு இரும்பு. கம்பிகளுக்குக் கீழே சில மில்லிமீட்டர் கனமே உள்ள ஒலிப்பலகை இருக்கும். கம்பியின் மெல்லிய அதிர்வை அறை முழுக்கக் கேட்கும் நாதமாக மாற்றுவது அந்தப் பலகைதான்.

ஒரே ஒரு குறை. மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். இறகு ஒரே மாதிரிதான் சுண்டும். இந்தக் குறை பின்னால் பெரிய விலை கேட்கப்போகிறது.

மூன்று அண்ணன் தம்பிகள்

இறகால் மீட்டும் இந்தக் குடும்பத்தில் மூன்று முக்கிய உருவங்கள் உண்டு. வர்ஜினல், செவ்வகப் பெட்டி. கட்டை வரிசைக்கு இணையாகக் கம்பிகள் ஓடும். ஸ்பினெட், ஒரு பக்கம் வளைந்த சின்ன உருவம்; கம்பிகள் சாய்வாக ஓடும். ஹார்ப்சிகார்டு, பெரியண்ணன், வாசிப்பவருக்கு எதிர்த்திசையில் கம்பிகள் நீண்டு போகும்.

வர்ஜினலிலும் ஸ்பினெட்டிலும் பொதுவாக ஒரு கட்டைக்கு ஒரு கம்பி. பெரிய ஹார்ப்சிகார்டில் ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள்கூட இருக்கும். ஐந்து ஸ்தாயிக்கு 61 கட்டைகள் என்றால், 183 கம்பிகள். கம்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாக், ஒரு இறகு, ஒரு பன்றிமுடி. மழையோ வெயிலோ கொஞ்சம் மாறினாலும் சுருதி கலையும். ஹார்ப்சிகார்டு வைத்திருப்பது ஒரு குழந்தையை வளர்ப்பது மாதிரிதான்.

ராணியால் வந்த பெயரா?

'திருமணம் செய்துகொள்ளாத எலிசபெத் ராணி வாசித்ததால்தான் இதற்கு வர்ஜினல் என்று பெயர் வந்தது' என்று ஒரு கதை பல இடங்களில் உலவுகிறது. அது சரியில்லை. எலிசபெத் பிறந்தது 1533-ல். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, சுமார் 1460-ல், பிராக் நகரத்து அறிஞர் ஒருவரின் லத்தீன் நூலில் இந்தப் பெயர் வந்துவிட்டது. அவருடைய அப்பா எட்டாம் ஹென்றியும் இந்தக் கருவியின் பிரியர். 1530-ல் ஒரே நேரத்தில் ஐந்து 'ஜோடி' வர்ஜினல்களுக்குப் பணம் கொடுத்த கணக்கு அரண்மனைப் பதிவில் இருக்கிறது. ஒரே ஒரு கருவியைக்கூட அந்தக் காலத்து ஆங்கிலத்தில் 'ஜோடி' என்றுதான் சொல்வார்கள்.

எலிசபெத் நன்றாக வாசிப்பார் என்பது மட்டும் உண்மை. 1564-ல் ஸ்காட்லாந்து ராணி மேரியின் தூதராக வந்த ஜேம்ஸ் மெல்வில், அரண்மனையில் நடந்ததை எழுதிவைத்திருக்கிறார். ஒரு பிரபு அவரை ரகசியமாக ஒரு அறைப்பக்கம் அழைத்துப்போகிறார். உள்ளே ராணி தனியாக வாசித்துக்கொண்டிருக்கிறார். திரையை விலக்கி உள்ளே போன தூதரைப் பார்த்ததும் ராணி நிறுத்திவிட்டு, அடிக்க வருவது போலக் கையை ஓங்குகிறார். ஆண்கள் முன்னால் வாசிப்பதில்லை, மனச்சோர்வைப் போக்கிக்கொள்ளத்தான் வாசிக்கிறேன் என்கிறார். கோபம் தணிந்ததும் கேட்ட கேள்விதான் அபாரம். 'நான் நன்றாக வாசிக்கிறேனா, உங்கள் ராணியா?' தூதர் பாவம், எலிசபெத் பக்கமே தீர்ப்பு சொல்லித் தப்பித்தார்!

வெளியூரிலிருந்து வந்த கைகள்

இந்தக் கருவிகளைச் செய்தவர்களில் பலர் இங்கிலாந்தில் பிறந்தவர்கள் இல்லை. இங்கிலாந்தில் செய்யப்பட்டு இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஹார்ப்சிகார்டு 1579-ம் ஆண்டைச் சேர்ந்தது. அதைச் செய்தவர் லோடவைக் தேவஸ், ஆன்ட்வெர்ப் நகரத்திலிருந்து லண்டன் வந்து குடியேறியவர். அது வெறும் ஹார்ப்சிகார்டும் இல்லை. கீழே காற்றில் இயங்கும் ஆர்கனும் சேர்ந்த இரட்டைக் கருவி. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில், பல பாகங்களை இழந்த நிலையில், அது இருக்கிறது.

அடுத்து மிஞ்சியிருப்பது 1622-ல் ஜான் ஹேவர்டு செய்தது. கென்ட் பகுதியில் உள்ள நோல் மாளிகையில் இருக்கிறது. அதுவும் இன்று இசைக்க முடியாத கூடுதான். இரண்டுக்கும் நடுவில் 43 வருடங்கள். அந்த இடைவெளியில் செய்யப்பட்டவை எல்லாம் என்ன ஆயின? வாசித்து வாசித்துத் தேய்ந்தவை, உடைந்தவை, விறகானவை, தீயில் போனவை... கணக்கே கிடையாது.

கருவிகள் போய்விட்டாலும் அவற்றுக்காக எழுதப்பட்ட இசை தப்பித்தது. வில்லியம் பைர்டு என்ற மேதையின் 42 படைப்புகளைக் கொண்ட கையெழுத்துத் தொகுப்பு 1591-ல் எழுதி முடிக்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் உள்ள இன்னொரு கையெழுத்துத் தொகுப்பில் ஏறக்குறைய 300 படைப்புகள்! சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாத கருவி என்பதால், இந்த இசையமைப்பாளர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை வரும்போதும் புதுப்புது அலங்காரம் சேர்ப்பது, ஸ்வரங்களை மேலும் மேலும் பொடியாக்கி வேகம் கூட்டுவது என்று விளையாடினார்கள். வாசிக்க விரல்களில் மின்னல் வேண்டும்.

ஆக்ராவில் பட்ட அடி

இந்தப் பெட்டி இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. 1612-ல் சூரத் வந்த கிழக்கிந்திய கம்பெனிக் கப்பல்களில் இசைக் கலைஞர்களும் இருந்தார்கள். மறு வருடம் அவர்கள் ஆக்ராவில் பேரரசர் ஜஹாங்கீர் முன் வாசித்தார்கள். ராபர்ட் ட்ரல்லி ஊதிய கார்னெட் என்ற குழல் பேரரசருக்குப் பிடித்துப்போனது. லான்ஸலாட் கேனிங் வாசித்த வர்ஜினலை அவர் சட்டையே செய்யவில்லை. சீக்கிரமே கேனிங் இறந்துபோனார். அந்த அவமானம்தான் அவர் உயிரைக் குடித்தது என்று பேசிக்கொண்டதை, அப்போது இந்தியாவில் இருந்த கம்பெனி வணிகர் நிக்கலஸ் விதிங்டன் பதிவு செய்திருக்கிறார்.

யோசித்துப் பார்த்தால், தர்பார் மண்டபத்துக்கான கருவியே இல்லை அது. நாலு பேர் உட்காரும் அறையில், பக்கத்தில் இருந்து கேட்க வேண்டிய ஒலி. பெரிய சபையில் குழலோடு போட்டிபோட்டால் எப்படி ஜெயிக்கும்?

கோயிலில் தடை... வீட்டில் வாழ்வு

1640-களில் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர். ஆடம்பர வழிபாடு கூடாது என்ற தரப்பின் கை ஓங்கியது. தேவாலயங்களில் இருக்கும் ஆர்கன்களை அகற்ற 1644-ல் நாடாளுமன்றம் உத்தரவு போட்டது. ஆர்கன் செய்து பிழைத்த தச்சர்களின் கதி?

வீட்டுக்குள் வாசிக்கத் தடை இல்லை. 1665-ல் எக்ஸிடர் தேவாலயத்துக்குப் பெரிய ஆர்கன் கட்டிப் புகழ்பெற்ற ஜான் லூஸ்மோர், தடைக்காலத்தின் நடுவே, 1655-ல் செய்த வர்ஜினல் ஒன்று இன்றும் லண்டன் மியூசியத்தில் இருக்கிறது. மன்னராட்சி மறுபடியும் வந்து தடை நீங்கிய பிறகுதான் அவரால் ஆர்கன் பக்கம் திரும்ப முடிந்தது.

இந்தக் காலத்து ஆங்கில வர்ஜினல்களுக்குத் தனி முகம் உண்டு. வெளியே ஓக் மரம். மூடி, புதையல் பெட்டியின் மூடி போல வளைந்திருக்கும். பார்க்கச் சாதாரணம்தான். மூடியைத் திறந்தால் கண்ணைப் பறிக்கும். உள்பக்கம் முழுக்க ஓவியம். பூங்காவில் உலாவும் ஜோடிகள், மரங்கள், குளம். கட்டைகளைச் சுற்றிலும் பொன்னிறத் தாள் ஒட்டிய வேலைப்பாடு. நடுத்தரக் குடும்பத்துக் கூடத்தில் இதைவிட அழகான பொருள் வேறு இருந்திருக்காது. பெண் பிள்ளைகள் இசை கற்றது இதில்தான். சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டார் கூடிப் பாடியதும் இதைச் சுற்றித்தான்.

தீயிலிருந்து மக்கள் தூக்கிவந்தது இதைத்தான். இப்படிப்பட்ட ஆங்கில வர்ஜினல்கள் இன்று உலகம் முழுக்கச் சேர்த்தே சுமார் 20 மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஆடம் லெவர்சிட்ஜ் என்ற பெயரோடு பொறித்திருக்கும் வருடம் 1666!

இடம் போதாது சார்!

டைரி எழுதிய பீப்ஸுக்கும் ஆசை வந்தது. தீ விபத்து நடந்து இரண்டு வருடம் கழித்து, 1668-ல், சார்லஸ் ஹேவர்டு என்ற கைவினைஞரின் பட்டறைக்குப் போனார். சின்ன ஹார்ப்சிகார்டு வாங்கும் எண்ணம். ஆனால், அங்கே ஒரு ஸ்பினெட்டைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. காரணம், இடம் அடைக்காது! 5 பவுண்டு கொடுத்து வாங்கினார்.

பீப்ஸ் போலவே ஊரும் யோசித்தது. 1680-களோடு வர்ஜினல் தயாரிப்பு ஓய்ந்தது. சின்ன வீடுகளுக்கு ஸ்பினெட், பெரிய வீடுகளுக்கு ஹார்ப்சிகார்டு என்று சந்தை பிரிந்தது.

காலையில் சம்மதம்... மதியத்துக்குள் கல்யாணம்!

18-ம் நூற்றாண்டு லண்டனில் ஹார்ப்சிகார்டு என்றால் இரண்டே பெயர்கள்தான்: ஷூடி, கிர்க்மன். இருவரும் வெளிநாட்டுக்காரர்கள். பர்காட் ஷூடி, சுவிட்சர்லாந்துக்காரர். ஜேக்கப் கிர்க்மன், அல்ஸாஸ் பகுதியைச் சேர்ந்தவர். இருவரும் தொழில் கற்றது ஒரே பட்டறையில். அதன் முதலாளி ஹெர்மன் டாபெல் என்ற பிளெமிஷ் கைவினைஞர்.

1738-ல் டாபெல் இறந்தார். ஒரு மாதத்துக்குள் அவருடைய மனைவியைக் கிர்க்மன் மணந்துகொண்டார். காலைச் சிற்றுண்டியின்போது பேச்சை எடுத்து, அன்றைய மதியத்துக்குள் கல்யாணமே முடிந்துவிட்டதாக இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி சொல்கிறார். மனைவியோடு பட்டறை, கருவிகள், நன்கு காய்ந்த மரங்கள் எல்லாமே வந்து சேர்ந்தன!

ஷூடி அதற்கு முன்பே தனிக்கடை போட்டுவிட்டார். இசைமேதை ஹேண்டல் அவருக்கு நண்பர். பிரஷ்ய மன்னர் ஃபிரடெரிக்குக்காக ஷூடி செய்த ஹார்ப்சிகார்டை, அனுப்புவதற்கு முன் 1765-ல் லண்டனில் வாசித்துக் காட்டியது ஒன்பது வயது மோட்சார்ட்.

கிர்க்மனின் வியாபாரத் தந்திரம் பற்றியும் பர்னி ஒரு கதை சொல்கிறார். திடீரென்று சீமாட்டிகளிடையே கிட்டார் டிரெண்ட் ஆனது. ஹார்ப்சிகார்டு விற்பனை படுத்துவிட்டது. கிர்க்மன் என்ன செய்தார்? மலிவு விலைக் கிட்டார்களை வாங்கி, தொப்பிக் கடைப் பெண்களுக்கும் தெருப்பாடகர்களுக்கும் சும்மா கொடுத்து, வாசிக்கவும் சொல்லிக்கொடுத்தார். 'தெருவில் எல்லோரும் வாசிப்பதையா நாமும் வாசிப்பது' என்று சீமாட்டிகள் கிட்டாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி ஹார்ப்சிகார்டுக்கு வந்துவிட்டார்களாம்.

மருமகன் கையில் முடிவு

ஆனால், அடுத்து வந்த போட்டியைத் தந்திரத்தால் தடுக்க முடியவில்லை. 1766 வாக்கில் லண்டனில் ஜோஹன்னஸ் சும்பே சின்னச் சதுர பியானோக்களைச் செய்ய ஆரம்பித்தார். மெதுவாகத் தட்டினால் மெல்லிய ஒலி, ஓங்கித் தட்டினால் பெரிய ஒலி. ஹார்ப்சிகார்டால் காலமெல்லாம் முடியாதது இதுதான்.

ஷூடியும் விடவில்லை. 1769-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். கம்பிகளுக்கு மேல் ஜன்னல் பலகைச் சட்டங்கள் போல ஒரு மூடி. காலால் மிதித்தால் சட்டங்கள் திறந்து சத்தம் கூடும், விட்டால் குறையும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனாலும், தனித்தனி ஸ்வரத்துக்கு விரல் கொடுக்கும் அழுத்தத்தை அதனால் கொண்டுவர முடியவில்லை.

அதே 1769-ல் ஷூடியின் மகள் பார்பராவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை, ஸ்காட்லாந்திலிருந்து வந்து பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த தச்சர் ஜான் பிராட்வுட். மாமனார் 1773-ல் இறந்த பிறகு, பிராட்வுட்டின் கவனம் மெல்ல மெல்லப் பியானோ பக்கம் திரும்பியது. ஷூடியின் பட்டறையில் கடைசி ஹார்ப்சிகார்டு 1793-ல் செய்யப்பட்டது. கிர்க்மன் பட்டறையில் 1809-ல். பிராட்வுட் பியானோவோ உலகப்புகழ் பெற்று, 1817-ல் பீத்தோவனுக்கே பரிசாகப் போனது.

எந்தப் பட்டறை ஹார்ப்சிகார்டை உச்சத்துக்குக் கொண்டுபோனதோ, அந்தப் பட்டறையின் மருமகனே அதற்கு விடைகொடுத்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. வாங்குபவர்கள் கேட்டதைத்தான் அவர் செய்தார்.

வாசிப்பதா... வைத்துக் காப்பதா?

நூறு வருடம் தூங்கிய கருவியை எழுப்பியவர்களில் முக்கியமானவரும் வெளிநாட்டில் பிறந்தவர்தான். பிரான்ஸில் பிறந்து லண்டன் வந்த ஆர்னால்டு டோல்மெட்ச், பழைய கருவிகளைப் பழுதுபார்த்தே நுட்பம் கற்றார். வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் ஊக்கம் கொடுக்க, 1896-ல் ஒரு புது ஹார்ப்சிகார்டு செய்து கண்காட்சியில் வைத்தார்.

இன்னொருவர் மேஜர் பென்டன் ஃபிளெட்சர். தேடித்தேடிச் சேர்த்த பழைய கருவிகளை 1937-ல் இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்தார். ஒரு நிபந்தனையோடு. கருவிகள் கண்ணாடிக்குள் பூட்டப்படக் கூடாது. இசை மாணவர்கள் வந்து வாசிக்க வேண்டும். அவை இருந்த வீடு இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சில் அழிந்தது. முன்னெச்சரிக்கையாக வேறு இடத்துக்கு மாற்றியதால் பெரும்பாலான கருவிகள் தப்பின. இப்போது லண்டன் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் ஃபென்டன் ஹவுஸ் என்ற வீட்டில் இருக்கின்றன. ராபர்ட் ஹாட்லி 1664-ல் செய்த வர்ஜினலும் அங்கே உண்டு.

ஃபிளெட்சரின் நிபந்தனை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், காப்பாளர்களுக்கு அது தினசரித் தலைவலி. இறகு தேய்ந்தால் புதிது செருகலாம். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்கையே செருகுகிறார்கள். கம்பி அறுந்தால் மாற்றலாம். 350 வருடத்து ஒலிப்பலகை, இறுக்கிய கம்பிகளின் இழுப்பில் விரிசல் விட்டால்? மாற்றினால் அது பழைய கருவியே இல்லை. இன்னொரு பக்கம், தொடாமலே வைத்திருந்தால் அது வெறும் பெட்டி. பல மியூசியங்கள் நடுவழி ஒன்றைப் பிடித்திருக்கின்றன. அசல் கருவியை அமைதியாக ஓய்வெடுக்க விட்டுவிட்டு, அதை அங்குலம் அங்குலமாக அளந்து, அதே மரத்தில், அதே முறையில் புதிதாக ஒன்றைச் செய்து வாசிப்பது. 1579-ம் வருடத்து இரட்டைக் கருவிக்கும் அப்படி ஒரு மறுபிறவி கிடைத்திருக்கிறது.

இந்த ஒலியைக் கேட்க லண்டன் போக வேண்டியதில்லை. கையில் இருக்கும் போனில் 'வில்லியம் பைர்டு வர்ஜினல்' என்று தேடுங்கள். ஸ்பீக்கரில் வேண்டாம், இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்திலும் மெலிதாக ஒரு 'டிக்' கேட்கும். இறகுமுனை கம்பியைச் சுண்டும் சத்தம் அது. வாசிப்பவர் விரலை எடுக்கும் இடத்தில் இன்னும் மெலிதாக, துணி கம்பியில் படியும் சத்தமும் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போலவே இருக்கும்.